கூட்டக் குறிப்பைக் கேளுங்கள்

டிசம்பர் 25 வந்தால் திருவாரூரிலிருந்து கீழ்வேளூர் போகும் சாலையில் செங்கொடி கட்டிய வேன்கள் வெண்மணியை நோக்கி வரிசையாகப் போகும். நினைவிடத்தில் 44 பேரின் பெயர்கள் இருக்கின்றன. 1968ல் அந்த இரவுக்குப் பிறகு வந்த செய்திகளில் எண்ணிக்கை 42 என்றிருந்தது. ஒரே குடிசைக்குள் எரிந்துபோனவர்களை எண்ணுவதிலேயே தாளுக்கும் சேரியின் நினைவுக்கும் நடுவில் இரண்டு உயிர் வித்தியாசம். வெண்மணியைப் பற்றி நம் தோழர்கள் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள். இந்தத் தாள் விஷயத்தைப் போதுமான அளவு பேசவில்லை என்பது எங்கள் எண்ணம்.

கதை தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறோம். அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி. விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள், கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, கொடியை இறக்கு என்றார்கள். எங்களை மிரட்டுகிறார்கள், பாதுகாப்புக் கொடுங்கள் என்று முதலமைச்சருக்கு முன்கூட்டியே மனு போயிருந்தது. மனு போன பிறகுதான் அந்த டிசம்பர் 25 நடந்தது. 1970ல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்கு 10 ஆண்டு தண்டனை கொடுத்தது. 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. நிறைய நிலம் வைத்திருப்பவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் எழுதப்பட்டிருந்தது. மைதிலி சிவராமன் அதே ஆண்டு 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் அதை எடுத்துக்காட்டி எழுதினார். தீர்ப்பு பொது ஆவணம் என்பதால்தான் அந்தக் காரணம் நம் கைக்கு வந்தது. இல்லையென்றால் "சாட்சியம் போதவில்லை" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துபோயிருக்கும்.

ஆனால் அந்த மனு? எந்த மேஜையில் எத்தனை நாள் இருந்தது? யார் அதன் மேல் என்ன குறிப்பு எழுதினார்? அன்று மாலை காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் என்ன பதிவானது, எத்தனை மணிக்கு? 1968ல் ஒரு கூலித் தொழிலாளி இதையெல்லாம் கேட்டு வாங்க நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. இன்று இருக்கிறது. 2005 அக்டோபர் 12லிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(1)ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ தொடர்பான தகவலை 48 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. "எங்கள் தெருவைக் கொளுத்துவோம் என்று மிரட்டல் இருக்கிறது என்று நேற்று கொடுத்த மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்ற கேள்வி இந்த 48 மணி நேரத்துக்குள் வரும். நம்மில் எத்தனை பேர் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மனுவாவது போட்டிருக்கிறோம்?

ஆர்.டி.ஐ. என்றால் ஓய்வுபெற்றவர்கள் பொழுதுபோகாமல் செய்கிற வேலை என்று ஓர் எண்ணம் நம் மாணவர்கள் நடுவில் இருக்கிறது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலை செய்த கூலித் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கவில்லை. கேட்டால், நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் அந்தப் புத்தகத்தைக் காட்டு என்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் கேட்டது. 1994ல் ஊர் நடுவில் வருகைப் பட்டியலைச் சத்தமாகப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, ஊரிலேயே இல்லாதவர் பெயரில் கூலி. 1996ல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். கூலிக்காக எழுந்த கேள்விதான் சட்டமானது. அரைப்படி நெல்லுக்காக 44 பேரைக் கொடுத்த மண்ணில் இருக்கிற நமக்கு அந்தச் சட்டம் அந்நியமானதாக இருக்க நியாயமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெல்டாவில் நம் மக்களின் வாழ்க்கையே பெயர் ஏறுவதிலும் ஏறாமல் போவதிலும்தான் இருந்திருக்கிறது. 1952ல் தஞ்சாவூர் சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நீ பண்ணையாளே இல்லை, தினக்கூலி என்று சொல்லி வெளியேற்றினால் போதும், சட்டம் எட்டாது. 1969ல் குத்தகைதாரர் உரிமைகளைப் பதிவு செய்ய ஒரு சட்டம் வந்தது. வாய்மொழிக் குத்தகையில் தலைமுறையாக உழுதவர்கள் பெயரை ஏற்றக் கேட்கப் பயந்தார்கள், கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் இருக்காது. 1971ல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்பவர்க்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. அதன் பலன் ஒவ்வொரு சேரியிலும் எவ்வளவு பேருக்குக் கிடைத்தது, எவ்வளவு பேருக்கு நழுவியது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும் கட்டுகள்தான் சொல்ல முடியும். சட்டம் சென்னையில் நிறைவேறும். அது நமக்கு எட்டுமா என்பதை ஒரு கர்ணம் எழுதிய பதிவேடு தீர்மானிக்கும். கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்துவிட்டார், பதிவேடு அப்படியே இருக்கிறது.

சுடுகாட்டுப் பாதையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இது டெல்டாவுக்கே உரிய அவமானம். பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுச் சேற்றில், நட்ட வயலுக்குள், வாய்க்காலைக் கடந்து போகும் படங்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகின்றன. 2016 ஜனவரியில், அன்றைய நாகை மாவட்டத்தில் இருந்த திருநாள்கொண்டச்சேரியில் ஒரு முதியவர் இறந்தார். வயது நூறு. பொதுப் பாதையில் கொண்டுபோக உயர் நீதிமன்றம் உத்தரவு கொடுத்தது. உத்தரவு கையில் இருந்தும் அந்தப் பாதையில் உடல் போகவில்லை. காவல்துறையே உடலை வேறு வழியில் எடுத்துப்போய் அடக்கம் செய்தது. சட்டம் ஒழுங்கு என்றார்கள்.

அந்த ஊரின் பாதைச் சிக்கலைப் பற்றி நாங்கள் புதிதாக எதுவும் சொல்ல வரவில்லை. அதிலிருந்து நம் ஊர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்றுதான் சொல்கிறோம். "இது எங்கள் பட்டா நிலம், பாதை கிடையாது" என்று ஆதிக்க சாதியினர் சொல்லும்போது நாம் பெரும்பாலும் அதை நம்பிவிட்டு, மனிதாபிமானம் என்று பேச ஆரம்பிக்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது அந்தப் புல எண்ணுக்கு 'அ' பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. வண்டிப்பாதை புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா, மயானமா, பட்டாவா? 'அ' பதிவேட்டு விவரத்தை இப்போது அரசின் இணையச் சேவையிலேயே, மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் போட்டால் பார்க்கலாம். எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தில் கோடு எங்கே போகிறது என்று பார்க்கலாம். பழைய நில அளவைப் படத்தில் இருந்த பாதை புதிய படத்தில் காணாமல் போயிருந்தால், எந்த ஆண்டு, யார் உத்தரவில் போனது என்று கேட்கலாம். ஆக்கிரமிப்பு என்று தெரிந்தால் அது மனிதாபிமானக் கோரிக்கையாக இருக்காது, அரசு நிலத்தை மீட்கச் சொல்லும் கோரிக்கையாகிவிடும். பேசும் குரலே மாறும். பட்டா நிலம்தான் என்று தெரிந்தாலும் நல்லது. பாதைக்காக நிலம் எடுக்கும்படி ஆதிதிராவிடர் நலத்துறையிடம் கேட்கலாம், அந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று மாதாமாதம் கேட்கலாம்.

கிராம சபையிலும் கேட்கலாம் என்று சொல்லியிருப்போம். திருவாரூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலித் தலைவர் நாற்காலியில் உட்காரலாமா என்ற சண்டையைக்கூட இல்லாமல் செய்துவிட்ட ஏற்பாடு இது. தேர்ந்தெடுத்தவர் இல்லாத இடத்தில் தீர்மானப் புத்தகமும் வரவு செலவுக் கணக்கும்தான் நமக்கு மிச்சம். அவற்றை நேரில் பார்வையிட, குறிப்பெடுக்க, நகல் வாங்க 2(ஜே) பிரிவு உரிமை கொடுக்கிறது.

காவல் நிலையத்துக்கு வருவோம்.

ஒரு தலித் இளைஞரை அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஸ்டேஷனுக்குப் போகிறோம். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருப்பார், ரைட்டர் இருப்பார். புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் வாங்க என்பார். காலையில் போனால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைக்கும். நம் ஆட்கள் அதையே வழக்குப் பதிவானது என்று நம்பி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அது வழக்குப் பதிவு ஆகாது; புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும். அந்த இடைவெளியில் எதிர்த்தரப்பு ஒரு புகார் கொடுக்கும், அது கவுண்டர் கேஸ். ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், சமாதானம் பேசுவார்கள். இரண்டு தரப்பும் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று முடியும். இது நடந்ததற்கான ஒரே தடயம் அந்த சி.எஸ்.ஆர். எண்.

சட்டத்தில் இதற்கு இடமே கிடையாது. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. பி.சி.ஆர். கேஸ் என்று நம் ஊரில் இன்னும் சொல்கிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018ல் 18ஏ பிரிவே சேர்க்கப்பட்டது. புகாரைப் பதிவு செய்யாமல், படித்துக் காட்டாமல், நகல் கொடுக்காமல் வேண்டுமென்றே கடமை தவறும் அலுவலருக்கு 4ஆம் பிரிவில் 6 மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை உண்டு. 2016ல் யூத் பார் அசோசியேஷன் வழக்கில், உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதியும் சி.எஸ்.ஆர். நிலையைப் பார்க்கும் வசதியும் இருக்கின்றன.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எளியது. இந்தக் காவல் நிலையத்தில் சென்ற ஆண்டு எத்தனை சி.எஸ்.ஆர். பதிவானது, அவற்றில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது, மற்றவை எந்தக் காரணம் எழுதி முடிக்கப்பட்டன? வன்கொடுமை வழக்குகளில் எத்தனை "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்" என்று மூடப்பட்டன? புகார்தாரருக்கு அதற்கான அறிவிப்பு கொடுத்த தேதி என்ன? எந்தத் தனிநபரின் பெயரும் இதில் இல்லை. எந்தப் புலன்விசாரணையும் இதனால் கெடாது. ஆனாலும் 8(1)(எச்) என்று ஒரு வரிப் பதில் வரும்: புலன்விசாரணைக்கு இடையூறு. அந்தப் பதிலுக்கு நம் மேல்முறையீட்டில் ஒரு வரி போதும். விசாரணை நிலுவையில் இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, தகவல் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று அலுவலர் காட்ட வேண்டும் என்று பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007லேயே சொல்லியிருக்கிறது.

கேமரா விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டும். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டு இறந்தபோது, காவல் நிலையத்துக்குப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விவரம் இருந்தது. பதிவுக் கருவியில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாள் பதிவும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. உங்கள் காவல் நிலையத்தில் எத்தனை நாள் பதிவு வைக்கப்படுகிறது, கேமரா பழுதான நாள்கள் எவை என்று இப்போதே, எந்தச் சம்பவமும் நடக்காத நேரத்தில், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த பிறகு கேட்டால் அன்றைக்குத்தான் பழுது என்பார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எங்களுக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்றுக்கு வருகிறோம். அது யாரும் கண்டுகொள்ளாத ஒரு கூட்டக் குறிப்பேடு.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995ன் 17ஆம் விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். ஆட்சியர் தலைவர். எஸ்.பி., மாவட்டத்து எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், பட்டியல் சாதி, பழங்குடி சமூகத்தைச் சேர்ந்த அலுவலர்களும் அலுவல் சாராத உறுப்பினர்களும் இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வழக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன, தீருதவித் தொகை போய்ச் சேர்ந்ததா, அதிகாரிகள் ஒழுங்காக நடந்துகொண்டார்களா என்று பார்ப்பது அதன் வேலை. மாநில அளவில் 16ஆம் விதிப்படி முதலமைச்சர் தலைமையில் ஒரு குழு, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும்.

கணக்குப் போடுங்கள். மாவட்டக் குழு ஐந்து ஆண்டில் 20 முறை கூடியிருக்க வேண்டும். 20 கூட்டக் குறிப்பு இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் ஒன்றையாவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

2019 ஏப்ரலில் நம் மாவட்டத்தில், மன்னார்குடிப் பக்கம் திருவண்டுதுறையில், ஒரு தலித் தொழிலாளியை அடித்து வாயில் மலத்தைத் திணித்தார்கள் என்ற கொடுமை வெளியே வந்தது. வழக்கு, கைது, கண்டன ஆர்ப்பாட்டம், பத்திரிகைச் செய்தி எல்லாம் நடந்தன. மூன்று வாரத்தில் செய்தி நின்றது. வழக்கு அதன் பிறகுதானே ஆரம்பமாகிறது? டி.எஸ்.பி. விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய விதியில் 60 நாள். சம்பவ இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை அனுப்ப 6ஆம் விதி. தீருதவி இத்தனை சதவீதம் எஃப்.ஐ.ஆர். நிலையில், இத்தனை குற்றப்பத்திரிகை நிலையில் என்று அட்டவணை. 2016ல் திருத்தப்பட்ட விதிகளில் தொகை 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 வரை. இதில் ஒவ்வொரு படியும் அந்த ஆண்டின் ஏதோ ஒரு காலாண்டுக் கூட்டத்தில் ஆய்வுக்கு வந்திருக்க வேண்டும். வந்ததா, யார் என்ன சொன்னார்கள் என்பது குறிப்பேட்டில் இருக்கும், இல்லையென்றால் இல்லாததே நமக்குப் பதில்.

எங்களுக்கு ஒரு மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த பதிலைச் சொல்கிறோம். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை, எல்லா இடத்திலும் இதே மொழிதான். கூட்டத் தேதிகளையும் வருகையையும் நடவடிக்கைக் குறிப்பையும் கேட்டோம். "தாங்கள் கோரும் தகவல் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை" என்று வந்தது. நாங்கள் தொகுக்கச் சொல்லவில்லையே! நகல் கேட்டோம். மேல்முறையீடு செய்தோம். இரண்டு கூட்டங்களின் குறிப்பு வந்தது. ஒன்றில் பொருள் நிரலும் வருகையாளர் கையெழுத்தும் மட்டும். முடிவு என்ற பத்தியில் ஒவ்வொரு வழக்குக்கும் எதிரே "உரிய நடவடிக்கை எடுக்க அறிவுறுத்தப்பட்டது". அடுத்த கூட்டத்திலும் அதே வழக்குகள், அதே வாக்கியம். தீருதவி நிற்பதற்குக் காரணம்: சாதிச் சான்றிதழ் பெறப்படவில்லை. சான்றிதழ் கொடுக்க வேண்டிய வருவாய்த்துறை அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறது! தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஆறு மாதமாக நின்றிருக்கிறது. இதைப் படித்த பிறகுதான் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு போய்ச் சான்றிதழுக்காக உட்கார்ந்தோம். அதுவரை நாங்கள் ஸ்டேஷன் வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தோம். தடை இருந்த இடம் வேறு.

இந்தக் குறிப்புகளை யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். குழுக்களின் கூட்டக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதைச் சொல்ல வேண்டும் என்று 4(1)(பி) பிரிவிலேயே இருக்கிறது. எல்லா மாவட்ட இணையதளத்திலும் கோயில் படமும் சுற்றுலா இடமும் இருக்கின்றன. ஆழித்தேரின் படத்துக்குப் பக்கத்தில் 17ஆம் விதிக் குழுவின் கூட்டத் தேதிக்கும் ஒரு வரி இடம் கொடுக்கலாம்.

இனி இது கடினமாகப் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்திவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு தனிநபர் தகவல் என்று மறுக்க வேண்டுமானால், அது பொதுப் பணியோடு தொடர்பில்லாதது அல்லது அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவது என்று காட்ட வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. தனிநபர் தொடர்பான தகவல் என்றால் போதும். கடமை தவறிய அலுவலரின் பெயர், அவர் மேல் எடுத்த துறை நடவடிக்கை, நூறு நாள் வேலை வருகைப் பட்டியல் எல்லாமே இதற்குள் தள்ளப்படலாம். ராஜஸ்தான் தொழிலாளர்கள் ஊர் நடுவில் படித்த அந்தப் பட்டியலே பெயர்களால் ஆனதுதான். மிச்சமிருப்பது 8(2): பொதுநலன் பெரிது என்றால் விலக்குப் பிரிவுகளையும் மீறிக் கொடுக்கலாம். இனி ஒவ்வொரு மனுவிலும் அந்தப் பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதிவிடுவது நல்லது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) சொல்கிறது, உண்மைதான். இருந்தாலும் எழுதுங்கள்.

அந்தரங்கம் என்ற சொல்லை நாம் ஏளனம் செய்யவும் கூடாது. நம் பெண்கள் மேல் நடந்த வன்முறை வழக்குகளின் தாள்கள் ஊர் ஊராகச் சுற்றுவதால் யாருக்கு நன்மை? கிடைத்த எஃப்.ஐ.ஆரை அப்படியே வாட்ஸ்அப்பில் போடும் தோழர்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரின் பெயர், தெரு, சாட்சிகளின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். சாட்சியைக் கலைக்க நினைப்பவருக்கு அதைவிட வேறு உதவி வேண்டாம். 10ஆம் பிரிவு, மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மற்றதைக் கொடு என்று அரசுக்குச் சொல்கிறது. அதையே நாமும் செய்ய வேண்டும்.

தாள் கிடைத்தால் நீதி கிடைத்துவிடுமா என்று கேட்பவர்கள் வேங்கைவயலைக் காட்டுவார்கள். 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்து 2025 ஜனவரியில், அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளிகள் என்று குற்றப்பத்திரிகை கொடுத்தது. எல்லாமே தாளில் இருந்தது, அதனால் என்ன ஆயிற்று என்பார்கள். குற்றப்பத்திரிகையின் முடிவை ஏற்க முடியாது என்று நாம் சொன்னோம். எந்த அடிப்படையில் சொன்னோம்? யாரிடம் எத்தனை முறை விசாரித்தார்கள், யாரிடம் விசாரிக்கவில்லை என்பதை வைத்துத்தானே? தாள் இல்லாதபோது அவர்களின் முடிவுக்கு எதிரே நம் கோபம் மட்டும்தான் நிற்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பிணை மனு உட்பட ஒவ்வொரு நீதிமன்ற நடவடிக்கைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது. அறிவிப்பு கொடுக்காமல் பிணை கொடுத்ததை 2021ல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வழக்கிலும் கேள்வி ஒரு தாளைப் பற்றியதுதான்: அறிவிப்பு கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே?

பயம் பற்றி. சேரியில் குடியிருக்கிற, ஆண்டை வயலில் வேலை பார்க்கிற ஒருவர் தன் பெயரில் மனு போட்டால் இரண்டு நாளில் ஊர்த்தெருவுக்குத் தெரிந்துவிடும். இதை நாங்கள் பார்த்திருக்கிறோம். தபால் அலுவலகத்திலிருந்து தெரியும், அலுவலக உதவியாளரிடமிருந்து தெரியும், சில நேரம் அலுவலரே கூப்பிட்டுச் சொல்வார். ஆகவே அந்த ஊர்க்காரரைப் போடச் சொல்லாதீர்கள். தகவல் கேட்க இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும்; திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர் முத்துப்பேட்டைக் காவல் நிலையத்தைப் பற்றிக் கேட்கலாம், சென்னையில் படிக்கும் மாணவர் நன்னிலம் வட்டாட்சியர் அலுவலகத்தைப் பற்றிக் கேட்கலாம். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து ஊரிலிருந்து போடுங்கள். யாரைக் கூப்பிட்டு மிரட்டுவது என்று அவர்கள் யோசிக்கட்டும்.

இந்த மாதம் செய்யக்கூடியது இதுதான். உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு பக்க மனு. 17ஆம் விதிக் குழு சென்ற மூன்று ஆண்டுகளில் கூடிய தேதிகள், வருகைப் பதிவு, கூட்டக் குறிப்பு, அதன் மேல் எடுத்த நடவடிக்கை அறிக்கை ஆகியவற்றின் நகல். பெயர்களை 10ஆம் பிரிவின்படி மறைத்துக் கொடுக்கலாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள், மறுக்க ஒரு காரணம் குறையும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர் சான்று வைத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். 30 நாள் என்பது மனு அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து எண்ணப்படும். 31ஆம் நாள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே காத்திருப்பு நீளும், அதற்குத் தயாராக இருங்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 என்று 20ஆம் பிரிவு சொல்லும் தண்டத்தை மேல்முறையீட்டிலேயே கேட்டு எழுதிவிடுங்கள். ஒப்புகை அட்டையைத் தொலைக்காதீர்கள். பதில் வந்தால், பெயர்களை மறைத்து, எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். டெல்டா மாவட்டங்களின் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று காத்திருக்கிறோம்.